இம்ப்ளான்ட் ஆடுது, எலும்பு கரையுது... ஜீன் மேல பழி போடலாமா?

"உங்க உடம்பு வாகு அப்படிங்க. பரம்பரை. ஜீன்லயே இருக்கு. நாங்க என்ன பண்ண முடியும்?"

பல் இம்ப்ளான்ட் வைத்து மூணு, நாலு வருஷம் கழித்து ஈறு வீங்குகிறது. எக்ஸ்ரே எடுத்தால் திருகைச் சுற்றி எலும்பு இறங்கியிருக்கிறது. அப்போது பலருக்கும் கிடைக்கும் பதில் இதுதான். உங்களுக்கும் இந்தப் பதில் கிடைத்திருந்தால், அல்லது இனிமேல்தான் இம்ப்ளான்ட் வைக்கப் போகிறீர்கள் என்றால், இந்த நூல் உங்களுக்காக. கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

முதலிலேயே சொல்லிடறேன். நான் பல் மருத்துவர் இல்லை. அரசு மருத்துவமனையில் சர்க்கரை, பிரஷர் ஓ.பி.யில் உட்காரும் எம்.பி.பி.எஸ். டாக்டர். திருகு வைக்கும் கையின் நுணுக்கம் பற்றி எனக்குப் பேசத் தகுதி இல்லை. ஆனால் சர்க்கரை நோயாளியின் வாய்க்குள் நடப்பதெல்லாம் கடைசியில் எங்கள் மேஜைக்குத்தான் வந்து சேரும். அதோடு, "ஜீன்" என்ற சொல் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று பேசுவதற்குப் பல் மருத்துவராக இருக்க வேண்டியதில்லை.

என் கருத்து இது. ஈறு நோயில் பரம்பரைக்குப் பங்கு நிச்சயம் உண்டு. இம்ப்ளான்ட்டைச் சுற்றி எலும்பு கரைவதிலும் ஓரளவு இருக்கலாம். ஆனால் "ஜீன்" என்று ஒற்றை வார்த்தை சொல்லி விஷயத்தை முடித்து வைப்பதற்கு இன்றைய ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. அது எல்லாரையும் தப்பிக்க விடும் பதில். வைத்தவரையும்தான், வைத்துக்கொண்டவரையும்தான்.

இம்ப்ளான்ட் என்றால் என்ன? பல் போன இடத்தில் தாடை எலும்புக்குள் டைட்டானியம் திருகு ஒன்றை இறக்குகிறார்கள். சில மாதங்களில் எலும்பு அதை ஒட்டி வளர்ந்து இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பிறகு மேலே செயற்கைப் பல்.

இதன் கதை சுவாரசியமானது. ஸ்வீடன்காரரான பிரேனமார்க் 1950களில் முயலின் கால் எலும்புக்குள் டைட்டானியக் கருவி வைத்து ரத்த ஓட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். வேலை முடிந்து கருவியைக் கழற்றப் போனால் வரவே இல்லை. எலும்பு பிடித்துக்கொண்டது. 1965-ல் அதே உலோகத்தில் முதல் மனிதருக்குப் பல் திருகு வைத்தார். அந்த நோயாளி இறக்கும்வரை, நாற்பது வருஷத்துக்கும் மேல், அவை அவர் வாயில் வேலை செய்தன. அதனால் இதைப் படித்துவிட்டு இம்ப்ளான்ட்டே வேண்டாம் என்று ஓடாதீர்கள். நல்ல சிகிச்சைதான்.

ஆனால் திருகு பல் ஆகாது. இயற்கைப் பல்லின் வேரில் ஈறின் நார்கள் குறுக்கே பாய்ந்து, தைத்து வைத்ததுபோல் பிடித்திருக்கும். வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப்படலம் ஒன்று உண்டு. இம்ப்ளான்ட்டுக்கு அந்தப் படலம் கிடையாது. ஈறு நார்கள் சட்டைக் காலர் மாதிரி திருகைச் சுற்றி நிற்கும், அவ்வளவுதான். கிருமி உள்ளே இறங்கினால் தடுக்கும் வேலி பலவீனம்.

வைத்த முதல் வருஷம் 1 மி.மீ. சொச்சம் எலும்பு இறங்குவது வழக்கம்தான். அதற்குப் பிறகு வருஷத்துக்கு 0.2 மி.மீ.க்கும் குறைவாக இருக்கணும் என்று 1986-லேயே ஓர் அளவுகோல் சொன்னார்கள். ஆக, எக்ஸ்ரேயில் கொஞ்சம் இறங்கியிருக்கு என்றதும் பதற வேண்டாம். தொடர்ந்து இறங்குகிறதா, தொட்டால் ரத்தமோ சீழோ வருகிறதா என்பதுதான் கேள்வி.

இதில் இரண்டு நிலை. ஈறு மட்டும் அழன்று, சிவந்து, தொட்டால் ரத்தம் வருவது முதல் நிலை. பெரி-இம்ப்ளான்ட் மியூகோசைட்டிஸ் என்பார்கள். சுத்தம் செய்தால் பெரும்பாலும் திரும்பிவிடும். அழற்சி எலும்புவரை இறங்கிவிட்டால் பெரி-இம்ப்ளான்டைட்டிஸ். போன எலும்பு தானாக வராது. 2015-ல் வந்த ஒரு தொகுப்பாய்வின் கணக்குப்படி இம்ப்ளான்ட் வைத்தவர்களில் சராசரியாக 43 சதவீதம் பேருக்கு முதல் நிலை, 22 சதவீதம் பேருக்கு இரண்டாம் நிலை. ஐந்தில் ஒருவர்! இவ்வளவு பேருக்கு வருகிற ஒன்றை "உங்க உடம்பு வாகு" என்று தனி ஆளின் விதியாக மாற்றுவது எனக்கு உறுத்துகிறது.

சரி, ஜீன் எங்கே வருகிறது?

எலும்பைக் கிருமி நேரடியாகத் தின்பதில்லை. நம் உடம்பே தின்கிறது. கிருமிப் படிமம் சேர்ந்ததும் எதிர்ப்புச் செல்கள் ஓடி வந்து இன்டர்லூகின்-1 போன்ற வேதிப்பொருள்களைச் சுரக்கும். இவை எலும்பை அரிக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களைத் தட்டி எழுப்பும். திருடனைப் பிடிக்க வந்த கூட்டம் வீட்டுச் சுவரையும் சேர்த்து இடித்துவிட்டுப் போவது மாதிரி. யார் உடம்பில் எவ்வளவு பெரிய கூட்டம் திரளும் என்பதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு ஜீன்.

இதைக் கண்ணால் பார்த்த மாதிரி காட்டிய ஓர் ஆய்வு உண்டு. அது நம்ம ஆட்கள் மேல் நடந்தது என்பது பலருக்குத் தெரியாது.

1970-ல் இலங்கையின் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயை ஓர் ஆய்வுக் குழு அளக்கத் தொடங்கியது. மலையகத் தமிழ் உழைப்பாளிகள். பிரஷ் கிடையாது, பல் வைத்தியம் கிடையாது. எல்லார் பல்லிலும் அழுக்கும் காரையும் மண்டிக் கிடந்தது, கிட்டத்தட்ட எல்லா ஈறும் அழன்றிருந்தது. 1985 வரை அவ்வப்போது போய் அளந்தார்கள். நார்வேயில் படித்த, வைத்தியம் கிடைத்த ஆண்கள் இதற்கு ஒப்பீடு.

வைத்தியம் கிடைக்காதவர்களைப் பதினைந்து வருஷம் அளந்து மட்டும் பார்த்த இந்த ஆய்வை நினைத்தால் எனக்கு இன்றும் ஒரு நெருடல் உண்டு. உலகத்தின் ஈறு நோய்ப் பாடப்புத்தகம் அவர்கள் வாயிலிருந்து எழுதப்பட்டது. ஆனால் அந்தப் புத்தகத்தில் அவர்கள் வெறும் எண்கள்.

அந்த எண்கள் சொன்னது என்ன? எல்லார் வாயும் ஒரே மாதிரி அழுக்கு. ஆனால் முடிவு ஒரே மாதிரி இல்லை. சுமார் 8 சதவீதம் பேருக்கு நோய் படுவேகமாகப் பரவியது. 81 சதவீதம் பேருக்கு மிதமாக. மீதி 11 சதவீதம் பேருக்கு ஈறு அழற்சியோடு நின்றுவிட்டது, பிடிமானம் போகவே இல்லை. 35 வயதில் முதல் கூட்டத்துக்குப் பல்லின் பிடிமானம் சராசரி 9 மி.மீ. போயிருந்தது. நடுக் கூட்டத்துக்கு 4. கடைசிக் கூட்டத்துக்கு 1 மி.மீ. கூட இல்லை.

இந்த ஆய்வு ஜீனை அளக்கவில்லை. அதைக் கவனியுங்கள். அழுக்கு ஒன்றாக இருந்தாலும் உடம்பு ஒன்றாக இல்லை என்று மட்டும் காட்டியது. அந்த "உடம்பு" என்பதில் ஜீன் எவ்வளவு என்பதைப் பிறகு இரட்டையர்களிடம் பார்த்தார்கள். 2000-ல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் 64 ஜோடி ஒரே கரு இரட்டையர்கள், 53 ஜோடி இரு கரு இரட்டையர்கள். ஈறு நோயில் ஆளுக்கு ஆள் தெரியும் வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதியை மரபு விளக்குகிறது என்று முடிவு வந்தது.

"பாதி" என்றதும் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது. உங்கள் நோயில் பாதி ஜீன், பாதி அழுக்கு என்று அர்த்தம் இல்லை. ஒரு கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் இருக்கும் ஏற்ற இறக்கத்தில் பாதி. தனி ஒருவர் வாயைப் பார்த்து "உங்களுக்கு 50 சதவீதம் பரம்பரை" என்று யாரும் சொல்ல முடியாது. இன்னொன்று, இதெல்லாம் இயற்கைப் பல்லின் கதை. இம்ப்ளான்ட்டின் கதை இல்லை.

இங்கேதான் வியாபாரம் உள்ளே வந்தது. 1997-ல் ஒரு ஆய்வு, இன்டர்லூகின்-1 ஜீன்களில் குறிப்பிட்ட இரண்டு இடங்களில் எழுத்து மாறியிருந்தால், புகைபிடிக்காதவர்களுக்குக் கடுமையான ஈறு நோய்க்கு வாய்ப்பு அதிகம் என்றது. உடனே கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் துடைத்தெடுத்துப் பார்க்கும் டெஸ்ட் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இயற்கைப் பல்லுக்கு வந்ததை இம்ப்ளான்ட்டுக்கும் நீட்டலாமா என்று பலர் பார்த்தார்கள்.

விடை வழவழ. 1999-ல் வந்த ஓர் ஆய்வில் இம்ப்ளான்ட் தோல்விக்கும் அந்த ஜீன் வகைக்கும் தொடர்பு தெரியவில்லை, புகைக்குத் தொடர்பு தெரிந்தது. சில வருஷம் கழித்து வந்த சுவிட்சர்லாந்து ஆய்வுகளில் ஜீன் மட்டும் தனியாகப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அந்த ஜீன் வகையும் கடுமையான புகைப்பழக்கமும் ஒரே ஆளிடம் சேர்ந்தபோது எலும்பு அதிகமாகப் போனது. இன்டர்லூகினைத் தடுக்கும் புரதத்தின் ஜீன், டி.என்.எஃப்., எலும்பரிப்புச் செல்லை அடக்கும் ஆஸ்டியோபுரோடெஜெரின் என்று வேறு ஜீன்களையும் தேடினார்கள். ஒரு ஆய்வில் இருக்கு, அடுத்ததில் இல்லை. பல ஆய்வுகளில் ஆள் எண்ணிக்கை நூறைச் சுற்றித்தான். எவ்வளவு எலும்பு போனால் நோய் என்பதிலேயே ஆய்வுக்கு ஆய்வு வேறு அளவு. இதில் தெளிவு எங்கிருந்து வரும்?

இன்னொரு சிக்கல். ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இருக்கும் அந்த இன்டர்லூகின் ஜோடி மாற்றம், சீன வம்சாவளியினரிடம் 2000-ல் தேடியபோது வெறும் 2.3 சதவீதம் பேருக்குத்தான் இருந்தது. சீனர்களுக்கு ஈறு நோய் வராமலா இருக்கிறது? ஓர் ஊர் மக்களிடம் கண்டுபிடித்த அடையாளத்தை அப்படியே தூக்கிவந்து இன்னோர் ஊர்க்காரர் வாயில் ஒட்ட முடியாது.

அமெரிக்காவில் அந்த டெஸ்ட்டை வைத்து, யார் வருஷத்துக்கு ஒரு தடவை பல் சுத்தம் செய்தால் போதும், யார் இரண்டு தடவை வரணும் என்று பிரிக்கலாம் என்றுகூட ஒரு யோசனை வந்தது. 2015-ல் வேறு ஆய்வாளர்கள் கணக்கைத் திரும்பப் போட்டு, இந்த டெஸ்ட்டை நம்பித் தடுப்புச் சிகிச்சையைக் குறைக்க ஆதாரம் இல்லை என்று அந்நாட்டுப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழிலேயே எழுதினார்கள்.

அதனால் யாராவது "ஒரு ஜீன் டெஸ்ட் எடுத்துட்டு இம்ப்ளான்ட் வைக்கலாம்" என்று ஒரு பேக்கேஜ் சொன்னால், அந்தக் காசில் இரண்டு தடவை பல் சுத்தம் செய்துகொள்ளுங்கள்.

ஜீன்தான் காரணம் என்று தைரியமாகச் சொல்லக்கூடிய நோயே இல்லையா? இருக்கு. பாப்பியோன்-லெஃபேவ்ர் சின்ட்ரோம். கேதப்சின்-சி என்ற நொதியின் ஜீன் கெட்டிருக்கும். 1999-ல் கண்டுபிடித்தார்கள். உள்ளங்கை, உள்ளங்கால் தோல் தடித்து வெடிக்கும். பால் பற்கள் நாலைந்து வயதிலேயே கொட்டும், நிரந்தரப் பற்கள் பதினைந்து, பதினாறு வயதுக்குள். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் கெட்ட பிரதி வந்தால்தான் நோய். அதனால் சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் கூடுதலாகப் பார்க்கலாம். தாய்மாமனைக் கட்டும் நம்ம ஊரில் இதைச் சொல்லித்தான் ஆகணும். ஆனால் இது பத்து லட்சத்தில் ஒருவர், சிலர் கணக்கு. ஐம்பது வயதில் இம்ப்ளான்ட் ஆடுகிறவரின் கதை இது இல்லை.

அவருடைய கதை எப்படி இருக்கும்? என் ஓ.பி.க்கு வந்த ஒருவரைச் சொல்கிறேன். ஐம்பதைத் தாண்டியவர், பட்டறை வைத்திருக்கிறார். கீழ்த்தாடையில் இரண்டு இம்ப்ளான்ட், வீட்டம்மா வளையலை அடகு வைத்துக் கட்டிய பணம். ஒன்று ஆடுகிறது. சர்க்கரை மாத்திரை வாங்க வந்தவர், பேச்சுவாக்கில் சொன்னார். "எங்கப்பாவுக்கும் நாப்பது வயசுலயே பல்லு கொட்டிருச்சு சார். அதான் எனக்கும் ஜீன்லயே இருக்குன்னு சொல்லிட்டாங்க."

"ஜீன் டெஸ்ட் ஏதாவது எடுத்தாங்களாண்ணே?"

"இல்ல சார்."

மூன்று மாத சர்க்கரை அளவு, எச்பிஏ1சி, 10.8. ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி. திருகு வைத்தபின் நாலு வருஷத்தில் சுத்தம் செய்ய ஒரு தடவைகூட யாரும் கூப்பிடவில்லை, அவரும் போகவில்லை. "வலிக்கவே இல்லையே சார், எதுக்குப் போகணும்?" ஈறு வீங்கும்போதெல்லாம் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார், மூணு நாளில் வீக்கம் வடிந்திருக்கிறது.

கோபம் வந்தது எனக்கு. அவர்மேல் இல்லை. கண்ணுக்குத் தெரிகிற மூன்று காரணம் மேஜைமேல் கிடக்கும்போது, யாரும் பார்க்காத நாலாவது காரணத்தைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்களே என்றுதான்.

அவர் அப்பாவின் பல் கதை உண்மையிலேயே முக்கியமான தகவல். ஆனால் அதைக் கேட்டிருக்க வேண்டிய நேரம் வேறு. திருகு இறக்குவதற்கு முன்னால் கேட்டிருக்கணும். "அப்பாவுக்குச் சீக்கிரம் பல் கொட்டியதா? உங்கள் சொந்தப் பல் ஏன் போனது, சொத்தையா, ஈறு இறங்கி ஆடியா?" ஈறு நோயால் பல் இழந்தவருக்குப் பெரி-இம்ப்ளான்டைட்டிஸ் வரும் வாய்ப்பு அதிகம் என்பதற்கு ஆதாரம் வலுவாக இருக்கிறது. 2017-ல் உலக நிபுணர்கள் கூடி விவாதித்தபோது உறுதியான அபாயக் காரணங்களாகச் சொன்னவை மூன்று: முன்பே ஈறு நோய் இருந்தது, வாய்ச் சுத்தம் சரியில்லாதது, முறையான பராமரிப்புக்கு வராதது. ஜீன் அந்த வரிசையில் இல்லை. சர்க்கரையும் புகையும்கூட அன்று "இன்னும் முடிவாகவில்லை" பக்கத்தில்தான் இருந்தன. ஆனால் இரண்டும் ஈறு நோயை வளர்ப்பதில் சந்தேகமே இல்லை. அதனால் சர்க்கரை ஓ.பி.யில் உட்காருபவனாக நான் அவற்றை விடமாட்டேன்.

அப்படிக் குடும்ப வரலாறு தெரிந்தால் என்ன மாறும்? முதலில் இருக்கிற பற்களின் ஈறு நோயை அடக்கிவிட்டுத்தான் திருகு. சர்க்கரை இறங்கும்வரை பொறுக்கலாம். பீடி, சிகரெட்டை விட ஒரு நல்ல காரணம் கிடைக்கும். ஆறு மாதத்துக்குப் பதில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரச் சொல்லலாம். பரம்பரையை மாற்ற முடியாது என்பது நிஜம், ஆனால் பரம்பரை தெரிந்தவரின் நாள்காட்டியை மாற்ற முடியும்.

பராமரிப்புக்கு எவ்வளவு சக்தி என்பதற்கு ஒரே ஒரு கணக்கு. பிரேசிலில் முதல் நிலை அழற்சி இருந்தவர்களை ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தார்கள். ஒழுங்காகப் பராமரிப்புக்கு வந்தவர்களில் 18 சதவீதம் பேருக்கு எலும்புவரை நோய் இறங்கியிருந்தது. வராதவர்களில் கிட்டத்தட்ட 44 சதவீதம். இந்த வித்தியாசத்துக்குப் பக்கத்தில்கூட இதுவரை எந்த ஜீன் டெஸ்ட்டும் வரவில்லை.

வைப்பவர் பக்கமும் காரணங்கள் உண்டு. பல் தொப்பியை ஒட்டும் சிமென்ட் ஈறுக்கு அடியில் மிச்சமாகத் தங்கினால் அது ஒரு பெரிய எரிச்சல். எடுத்துவிட்டால் பலருக்கு அழற்சி குறைகிறது. தொப்பி புடைத்து, பிரஷ் நுழைய வழியில்லாமல் கட்டியிருந்தால், எவ்வளவு ஒழுங்கானவரும் சுத்தம் செய்ய முடியாது. இதெல்லாம் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்றால் அப்புறம் பரம்பரையைப் பற்றிப் பேசலாம். நிறைய பல் மருத்துவர்கள் அப்படித்தான் பார்க்கிறார்கள். அவர்களுக்கு இந்த நூல் கோபம் தராது என்று நம்புகிறேன்.

ஏற்கனவே இம்ப்ளான்ட் இருக்கிறதா? வலிக்குக் காத்திருக்காதீர்கள். எலும்பு கரைவது பெரும்பாலும் வலிக்காது. பிரஷ் பட்டால் ரத்தம், கெட்ட வாடை, அழுத்தினால் சீழ், இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த வாரமே போங்கள். மெடிக்கல் மாத்திரை வீக்கத்தை வடிக்கும், திருகில் ஒட்டிய படிமத்தை எடுக்காது. இடுக்கில் நுழையும் குட்டி பிரஷ் எந்த அளவு வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ வாரம் ஒரு மாத்திரையோ எடுப்பவர்கள் அதைப் பல் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இரண்டாவது கருத்து கேட்கக் காசு இல்லை என்றால் சென்னையிலும் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பல் பிரிவு உண்டு. பெரிய வைத்தியம் எல்லா இடத்திலும் நடக்காது, ஆனால் ஈறை ஆழம் பார்த்து, எக்ஸ்ரே பார்த்து நிலைமை என்ன என்று சொல்ல முடியும்.

இனிமேல் வைக்கப் போகிறவர்கள், செயற்கைப் பல் மாட்டிய அன்றைய எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். கூடவே என்ன கம்பெனித் திருகு, என்ன அளவு, என்ன தேதி என்று எழுதி வாங்குங்கள். போனில் போட்டோ எடுத்து இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள், போன் தொலையும். ஐந்து வருஷம் கழித்து யாராவது "எலும்பு இறங்கிருச்சு" என்றால், எங்கிருந்து எங்கே இறங்கியது என்று ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் இருப்பது அந்த ஒரு படம்தான்.